சீசன் முடிவு விருந்தும் கையை விட்டுப் போன 18,490 ரூபாயும்

காலேஜ் டீம் என்றால் பி.டி. சார் இருப்பார், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் படி வரும், பில்லில் கையெழுத்துப் போட ஒரு ஆபீஸ் இருக்கும். கிளப் டீமுக்கு அதெல்லாம் கிடையாது. செலக்‌ஷனில் விடுபட்டவன், படிப்பை முடித்தும் பூட்ஸைக் கழற்ற மனசில்லாதவன், கூடப் படிக்கிறவனின் தம்பி என்று எல்லாரும் சேர்ந்து ஒரு பேர் வைத்து, ஜெர்சி அடித்து, எண்ட்ரி ஃபீஸ் கட்டி ஆடுகிற டீம் அது. கும்பகோணத்தில் நாங்கள் வைத்திருந்தது அப்படி ஒரு ஃபுட்பால் டீம். பதிவு கிடையாது, பேங்க் கணக்கு கிடையாது, லெட்டர்பேடு கிடையாது. அந்த டீமுக்கு 2025 மார்ச் 1-ஆம் தேதி சீசன் முடிவு விருந்து வைத்தேன். வைத்தோம் என்று எழுதத்தான் ஆசை, கணக்கு நோட்டு ஒத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் என்று யாராவது உங்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தால் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

நான் மேனேஜர் ஆனதே முட்டியால்தான். செப்டம்பரில் ஒரு பிராக்டிஸ் மேட்சில் பந்தோடு திரும்பும்போது வலது முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். ஜவ்வு கிழிந்துவிட்டது, இந்த சீசன் முழுக்க கிரவுண்டை மறந்துவிடு என்றார் டாக்டர். கேப்டன் ரூமுக்கு வந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, “நீ சும்மாதான மச்சான் இருக்க, கணக்கு வழக்க நீ பாத்துக்க” என்றான். வசூல், வேன் பேசுவது, ஜெர்சி வெளுக்கப் போடுவது என்று ஆரம்பித்தது, கடைசியில் விருந்தில் வந்து நின்றது. அந்த வாரம் பார்த்து கேப்டனுக்குச் சென்னையில் இண்டர்வியூ. பொருளாளராக இருந்த சீனியர் அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். எது கேட்டாலும் “பண்ணிடலாம்டா தம்பி” என்பார். யார் பண்ணுவது என்று சொல்லமாட்டார்.

தேதியிலிருந்தே தொடங்குகிறேன், பாதிப் பணம் போனது அதனால்தான். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாசத்தில் கிரவுண்டு என்று ஒன்று இருக்காது, குளம்தான் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்கிறதுக்கு முன்னாலேயே திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கமெல்லாம் சம்பாப் பயிர் தண்ணிக்குள் நின்றது. டிசம்பரில் ஆடவேண்டிய மேட்ச்கள் பொங்கலுக்கு அப்புறம் தள்ளிப்போய், எங்கள் கடைசி மேட்ச் முடியும்போது பிப்ரவரி மூன்றாவது வாரம். ஏப்ரலில் செமஸ்டர். அப்ப மார்ச்சில் வைத்துக்கொள்வோம் என்று எல்லாரும் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தினசரிக் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் டீமில் மூன்றில் ஒருத்தன் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பையன். அந்த ஊர்களில் நடக்கத் தெரிந்ததும் பந்தைக் காலில் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றும், அவ்வளவு ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு மார்ச் 2 வாக்கில் ரமலான் தொடங்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கத்துப் பையன்களுக்கு மார்ச் 5 சாம்பல் புதன், அன்றிலிருந்து தவக்காலம். மார்ச் 12 மாசி மகம். கும்பகோணத்தில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டாம், கொடியேற்றத்திலிருந்தே மகாமகக் குளத்தைச் சுற்றி வண்டி நுழையாது, ரூம் கிடைக்காது. இதற்கு நடுவில் மாசி முகூர்த்தங்கள். வெளியூரில் வேலை பார்க்கிற பழைய ஆட்கள் சனி, ஞாயிறு தவிர வரமாட்டார்கள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது மார்ச் 1, சனிக்கிழமை. அதிலும் ஒரு முள் இருந்தது. சனிக்கிழமை கவிச்சி தொடாத வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை என்று பந்தி போடும்போதுதான் தெரியும். டீமில் சைவம் ஐந்து பேர் என்று நினைத்திருந்தேன், சனிக்கிழமை என்றதும் பன்னிரண்டு ஆனது. ஆகவே தேதி போடும் முன் நான்கு வீட்டுக் காலண்டரைக் கேளுங்கள். குரூப்பில் பொதுவாகக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டான், ஒவ்வொருத்தனையும் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது வசூல். ஆடுகிற 24 பேர் தலைக்கு 500, பழைய ஆட்கள் தலைக்கு 1,000, ஜெர்சிக்குப் பணம் கொடுத்த பிரமுகர் ஒருவர் 10,000 தருவதாக வாக்கு. பழைய ஆட்கள் இருபது பேர் வருவதாகப் பேர் கொடுத்திருந்தார்கள். கூட்டினால் 42,000 ரூபாய். தாளில் பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் “வருகிறேன்” என்று எண்பது பேர். அதில் பணம் கட்டியவர்களை விருந்து நாள் காலை வரை எண்ணினால் ஆடுகிறவர்களில் 17, பழைய ஆட்களில் 9. பிரமுகர் மேடையில் கொடுத்த கவருக்குள் இருந்தது 5,000. மொத்தம் 22,500. கைக்கு வராத பணத்தை நம்பி எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று ஆயிரம் பேர் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் ஒரு இடமும் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழி ஒன்றுதான் உண்டு. விருந்துக்கென்று கடைசியில் வசூலிக்காமல், சீசன் ஆரம்பத்தில் ஜெர்சிப் பணம் வாங்கும்போதே விருந்துப் பணத்தையும் சேர்த்து வாங்கிவிடுவது. ஜெர்சி வேண்டும் என்கிற ஆசையில் ஜூலையில் கொடுத்துவிடுவான். பிப்ரவரியில் அவனுக்கு ஜெர்சி இருக்கிறது, உங்களிடம் அவனுக்கு வேண்டியது எதுவும் இல்லை.

இப்போது மண்டபம். டவுனுக்குள்ளேயே ஒரு மினி ஹால் பிடித்தேன், பேர் வேண்டாம். வாடகை 14,000, அட்வான்ஸ் 10,000. மேனேஜர் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தார். ரசீது கேட்டேன். “பில்லெல்லாம் அன்னைக்குப் போட்டுக்கலாம் தம்பி. பில்லுன்னா பதினெட்டு பர்சன்ட் ஜி.எஸ்.டி. சேரும், சின்னப் பசங்க, ஒங்களுக்கு எதுக்கு அது” என்றார். சின்னப் பசங்க என்றதும் எனக்கும் இதமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் போன். “தம்பி, ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்காரங்க சனிக்கிழமை மத்தியானமே எறங்குறாங்க. நிச்சயதார்த்தம், ரிசப்ஷன் எல்லாம் அன்னைக்கு ராத்திரியே வச்சிக்கிறாங்களாம். ஒங்களுக்கு மாடியில டைனிங் ஹாலத் தர்றேன், ஏழு மணிக்குள்ள முடிச்சிக்கிங்க. ஆனா அசைவம் மட்டும் வேணாம், அவங்க ரொம்ப ஆசாரம்.” பிரியாணிக்காகவே வருகிற கூட்டத்தை மாடியில் உட்கார வைத்து சாம்பார் ஊற்றி ஏழு மணிக்கு அனுப்பச் சொல்கிறார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், “நீங்களா கேன்சல் பண்ணா எப்புடித் தம்பி தர்றது?” நான் கேன்சல் செய்கிறேனாம்!

கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் வாடகை என்பது நம் ஊர்களில் முதல் நாள் மத்தியானத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரை. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் என்று தனியாக ஒரு பொழுது விற்பனைக்கே கிடையாது, அதுவும் கல்யாணத்துக்காரர்களுடையது. இது கல்யாணம் செய்து பார்த்த எந்த அப்பாவுக்கும் தெரியும், இருபது வயசுப் பையனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆகவே மண்டபத்தில் முதல் கேள்வியாக, “மறுநாள் இங்க கல்யாணம் இருக்கா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். இரண்டாவது, அசைவம் சமைக்கலாமா, வெளியில் சமைத்து உள்ளே பரிமாறலாமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கும்பகோணத்தில் பாதி மண்டபங்களில் இரண்டுக்குமே இல்லை என்பார்கள். கரண்ட் மீட்டர் கணக்கா, ஜெனரேட்டர் டீசல் யார் போடுவது, கிளீனிங் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். பணத்தை ஜி.பே.யில் அனுப்பினால் அதிலேயே குறிப்பு எழுதும் இடம் இருக்கிறது, “மார்ச் 1 மாலை 4 முதல் 10 வரை ஹால், அசைவம் உண்டு, அட்வான்ஸ்” என்று எழுதி அனுப்புங்கள். ரசீது தராதவரிடம் கூட இது ரசீதாகிவிடும். எனக்குப் பின்னால் கொஞ்சம் பணம் திரும்பி வந்ததே ஜி.பே. ஸ்கிரீன்ஷாட்டால்தான்.

அன்றைக்கு ராத்திரி குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். அழுகிற முகம், கை கூப்பிய முகம் என்று வரிசையாக வந்தது. ஒருத்தன் கூட போன் பண்ணவில்லை. ஒரு சீனியர், “டேட் மாத்திடலாமா?” என்று கேட்டார், நான் போனைத் தூக்கி மெத்தையில் எறிந்தேன். அழுகையெல்லாம் வரவில்லை, ஆத்திரம்தான். ஆறு மாசம் சைடு லைனில் உட்கார்ந்து இவர்களுடைய தண்ணி பாட்டிலை நிரப்பிக் கொடுத்தவன் நான். விருந்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போயிருந்தால் 10,000 மட்டும்தான் போயிருக்கும், இப்போது கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் செய்திருப்பேனா தெரியவில்லை.

வழி காட்டியது எங்கள் கிரவுண்டில் புல் வெட்டுகிற அண்ணன். வலங்கைமான் பக்கம் அவருடைய ஊரில் ஊராட்சி சமுதாயக்கூடம் இருக்கிறது, சும்மாதான் கிடக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை காலையில் அவரோடு போனேன். கிளார்க், “எந்த கிளப்பு? லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க” என்றார். இல்லை என்றேன். “அப்ப ஒங்க பேருல எழுதுங்க, ஆதார் ஜெராக்ஸ் வையுங்க. ஒடைஞ்சது, நெளிஞ்சது எல்லாம் நீங்கதான் பொறுப்பு.” அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது, கிளப் என்று ஒன்று வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கிறவன் எவனோ அவன்தான் கிளப். வாடகை 2,500, கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்கு 500. மொத்த விருந்துச் செலவிலும் முறையான ரசீது கொடுத்தது அந்த ஊராட்சி ஆபீஸ் மட்டும்தான். சமுதாயக்கூடம் எடுப்பவர்கள் முதல் நாளே போய் மோட்டார் ஸ்விட்சும் கக்கூஸ் சாவியும் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். நாற்காலி, மேஜை, மைக் செட் எதுவும் அங்கே இருக்காது. நாற்காலி, மேஜைக்கு 1,800, மைக்குக்கு 2,000 ஆனது. பஸ்ஸில் வருகிறவர்களை ஏற்றி வரவும் கொண்டு விடவும் வேன் 3,500.

சாப்பாட்டை முதலில் டவுன் கேட்டரிங்கில்தான் பேசியிருந்தேன். இலை 260 ரூபாய், குறைந்தது எண்பது இலை. அவர் அட்வான்ஸ் கேட்காமல் விட்டது என் முன்னோர் செய்த புண்ணியம். இடம் மாறியதும் இடது பக்கத் தடுப்பு ஆடுகிற எங்கள் லெஃப்ட் பேக், கூத்தாநல்லூர்க்காரன், அவன் மாமா மூலமாகப் பிரியாணி சமைக்கிற ஒரு பண்டாரியைப் பிடித்துக் கொடுத்தான். பண்டாரியிடம் இலைக் கணக்கு பேசக்கூடாது, அரிசிக் கணக்குதான். ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஏழெட்டுப் பேர் சாப்பிடலாம், கறி ஒன்றுக்கு ஒன்று. எட்டு கிலோ போட்டோம். கறி கிலோ 850 மேனிக்கு 6,800, அரிசி, எண்ணெய், நெய், வெங்காயம், தாளிச்சாவுக்கும் கத்திரிக்காய்க்கும் சாமான், விறகு, தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தின் வாடகை, பண்டாரி கூலி எல்லாம் சேர்த்து 15,000. சைவம் பன்னிரண்டு பேருக்குப் பக்கத்து மெஸ்ஸில் சொன்னது 1,800. கறியைக் கூத்தாநல்லூரிலேயே வாங்கினோம், ஹலால் பற்றி யாரும் யாரிடமும் கேட்க வேண்டிய சங்கடம் வரவில்லை. கலந்த டீமாக இருந்தால் இது நல்ல வழி. பண்டாரி பாய் என்னிடம் சொன்னது இன்னொன்று: “தம்பி, எத்தன பேருன்னு எங்கிட்ட சொல்லாதீங்க, எத்தன பேரு காசு குடுத்தாங்கன்னு சொல்லுங்க. அதுல பாதிய ஏத்திக்கிட்டா சரியா இருக்கும்.” அந்தக் கணக்கில் போனால் நாற்பது பேருக்குத்தான் சமைத்திருக்க வேண்டும். நான் பயந்து அறுபதுக்குச் சொன்னேன். வந்தது 51 பேர், அதில் பணம் கட்டியவர்கள் 26. மீதியில் பி.டி. சார் மாதிரி நாங்கள் கூப்பிட்டவர்கள் போக, “கூட ஒருத்தன் வர்றான் மச்சான்” என்று வந்த ஒருத்தன்களே ஒரு வேன் தேறும்.

பேனர் கதையையும் சொல்லிவிடுகிறேன், சின்னதுதான். பத்துக்கு ஆறு ஃபிளெக்ஸில் காலேஜ் பேரைப் பெரிதாகப் போட்டு அடித்திருந்தேன். அதன் போட்டோவை எவனோ ஸ்டேட்டஸில் வைக்க, காலேஜ் ஆபீஸிலிருந்து போன். கிளப் டீமுக்கு எங்கள் பேரைப் போட அனுமதி யார் கொடுத்தது என்று கேட்டார்கள். மறுபடி 720 ரூபாய் கொடுத்து வேறு அடித்தேன். இதில் கோபப்பட எதுவும் இல்லை, அவர்கள் சொன்னது நியாயம். பிரமுகருடைய போட்டோவும் அதில் இருக்க வேண்டும் என்று அவருடைய ஆள் போனில் கேட்டதும், அது பி.டி. சார் போட்டோவைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது என்றதும் தனி.

விருந்து நாள். ஆறரைக்கு ஆரம்பித்து, பேச்சு, பரிசு, எட்டரைக்குச் சாப்பாடு என்பதுதான் முதல் திட்டம். லெஃப்ட் பேக் வெள்ளிக்கிழமையே தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சனிக்கிழம மஃரிபு தொழுகைக்கு அப்புறம் பிறை தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரியே தராவீஹ் தொழுகைடா. நாங்க இருக்க முடியாது.” நோன்பு மறுநாள்தானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக அவர்கள் கூத்தாநல்லூர் போய்ச் சேர வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் எந்தக் கணக்கும் செல்லாது என்று டெல்டாக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எனவே திட்டத்தைத் தலைகீழாக்கினேன். ஐந்து மணிக்குச் சாப்பாடு, ஐந்தே முக்காலுக்குப் பரிசு, அப்புறம் யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். மாலை ஐந்து மணிக்கு எவன் பிரியாணி தின்பான் என்று திருப்பூர் அண்ணன் போனில் சிரித்தார். தம் உடைத்த வாசனைக்கு ஐந்து மணி, எட்டு மணி என்று வித்தியாசம் தெரியாது.

பண்டாரி பாய் சஹன் தட்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒரு பெரிய தட்டில் பிரியாணியைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. கூத்தாநல்லூர்ப் பையன்கள் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பயம்தான், எவனாவது முகம் சுளித்தால் அந்தப் பொழுதே கெட்டுவிடும். கேட்பவர்களுக்கு இலையும் போட்டு வைத்திருந்தேன். பி.டி. சார் பேண்ட்டை முழங்கால் வரை மடித்து, புல் வெட்டுகிற அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு சஹனில் உட்கார்ந்தார். அவருக்கு எதிரில் எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர். கறித்துண்டை விரலால் பிய்த்து எதிராளி பக்கம் தள்ளிவிடுவதுதான் அங்கே மரியாதை போலிருக்கிறது. கோலி தள்ளியதைச் சார் அண்ணன் பக்கம் தள்ள, அண்ணன் மறுபடி கோலி பக்கம் தள்ள, அந்த ஒரு துண்டு தட்டைச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. “பாஸ் போதும்டா, ஷூட் பண்ணுங்க” என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சீசனில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பரிசில் ஒரு யோசனை. கோப்பைகளையும் மெடல்களையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கினால் 6,200 ஆகிறது, மறுநாளே பரணுக்குப் போய்விடுகிறது. கோலிக்கு மட்டும் அதில்தான் ஒரு மாற்றம் செய்தேன், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. விழுந்து விழுந்து எழுகிறவனுக்கு அதைவிட என்ன தருவது? அதற்குக் கிடைத்த கைதட்டல் சிறந்த ஆட்டக்காரர் கோப்பைக்கும் கிடைக்கவில்லை. கோப்பையில் பேர் ஒட்டுகிற கடையில் பேரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் ஒருத்தன் இனிஷியல் இன்னொருத்தனுக்குப் போய்விடும். போனது. ஆறே கால் வாக்கில் பரிசு முடிந்து, பொழுது சாய்ந்ததும் பையன்கள் வெளியில் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொழுதுவிட்டு வந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பிறை தெரிந்த செய்தி வந்ததும் வேனில் ஏறிவிட்டார்கள். பிரமுகர் வந்தபோது மணி ஏழே கால். பாதி நாற்காலி காலி. அவர் முகம் போன போக்கில் கவருக்குள் 5,000 குறைந்தது அங்கேதானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். 150 ரூபாய் சால்வை ஐந்து வாங்கியிருந்தேன், முதல் சால்வை யாருக்கு என்பதில் வேறு ஒரு குழப்பம். முக்கால் மணி நேரம் பேசினார், இளைஞர்கள் கையில் நாடு என்றார்.

பேச வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இப்படி ஒரு விருந்து என்றால் நாலு பேர் கண்டிப்பாகச் சரக்கோடு வருவார்கள். பழைய ஆட்கள் இரண்டு பேர் காருக்குள் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்தைச் சுற்றி வீடுகள், பெண்டுபிள்ளைகள் வாசலில் இருக்கிறார்கள், தாளில் கையெழுத்து என்னுடையது. நான் போய்ச் சொன்னால், “நீ யார்றா?” என்பார்கள். புல் வெட்டுகிற அண்ணன்தான் போய், “இது எங்க ஊரு தம்பி, நாளைக்கு நான் இந்தத் தெருவுல நடக்கணும்” என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் உங்கள் பக்கத்தில் இல்லாமல் வெளியூர்க் கூடத்தை எடுக்காதீர்கள். மிஞ்சிய பிரியாணியைத் தெருவில் கொடுத்து முடித்ததும் அவர்தான், அரை மணி நேரத்தில் தேக்சா காலி.

கணக்கு இப்படி முடிந்தது. போன மண்டப அட்வான்ஸ் 10,000, கூடம் 3,000, பிரியாணி 15,000, சைவம் 1,800, பரிசு 6,200, இரண்டு பேனர் 1,440, சால்வை 750, மைக் 2,000, நாற்காலி 1,800, வேன் 3,500. மொத்தம் 45,490. வந்தது 22,500. மீதி 22,990 நான் போட்டது, சரியாகச் சொன்னால் அம்மா சீட்டு எடுத்து என் பி.எட். அட்மிஷனுக்கு வைத்திருந்தது. அம்மாவிடம் சொல்லக் கொஞ்ச நாள் ஆனது. திட்டவில்லை, “சாப்பாடாச்சும் நல்லா இருந்துச்சா?” என்றுதான் கேட்டார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்புறம் மூன்று பேர் 500 கொடுத்தார்கள். பி.டி. சார் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த மண்டபத்துக்கு வந்தார். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, சத்தம் போடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தார். 3,000 திரும்பி வந்தது. ஒரு பெரிய மனிதர் கூட வந்து சும்மா உட்கார்ந்தாலே போதும் என்று தெரிந்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே அவரைக் கூட்டிப் போயிருக்கலாம். ஆக 18,490.

அதில் பாதிக்கு மேல் கோடையில் தேற்றினேன். ரமலான் முடிந்து மே மாசத்தில் கடற்கரை ஊர்களில் மின்னொளி எழுவர் போட்டிகள் நடக்கும். முட்டி சரியாகாமல் ஆட முடியாது, மைக்கில் வர்ணனை செய்யலாமே என்று லெஃப்ட் பேக்தான் இழுத்துப் போனான். ராத்திரிக்கு 700 ரூபாய், பரோட்டா தனி.

அடுத்த சீசனுக்கு மேனேஜர் ஆனவன் ஒரு செகண்ட் இயர் பையன். அவனிடம் நோட்டைக் கொடுக்கும்போது மூன்று வேலையை உடனே செய்யச் சொன்னேன். மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற மாதிரி கிளப் பேரில் ஒரு கணக்கு, ஜெர்சிப் பணத்தோடு தலைக்கு 500 விருந்துப் பணம், அப்புறம் தேதி. ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடுகிறது, அதனால் 2026-இல் விருந்து பிப்ரவரி முதல் வாரம் தாண்டவே கூடாது என்றேன். மழையால் கடைசி மேட்ச் தள்ளிப்போனால் விருந்துக்கு அப்புறம் ஆடிக்கொள்ளட்டும். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “அண்ணே, போன வருஷத்து பாக்கி நாலு பேரு குடுக்கணுமே, அத யாருகிட்ட குடுக்கச் சொல்றது?” என்று கேட்டான். என் ஜி.பே. நம்பரை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.